காலி வீட்ல ஒரு தடவ கை தட்டிப் பாருங்க: பாட்டுக்கும் எடத்துக்கும் என்ன சம்பந்தம்?

போன மாசம் வீடு மாத்துனோம். லாரில கடைசியா மெத்தைய ஏத்தி அனுப்பிட்டு, எதையாவது விட்டுட்டோமான்னு பாக்க உள்ள போனேன். ஹால் நடுவுல நின்னு "பால்கனி கதவு பூட்டியாச்சா?"ன்னு ஒரு சத்தம் குடுத்தேன் பாருங்க, யாரோ மண்டபத்துல மைக் டெஸ்டிங் பண்ற மாதிரி இருந்துச்சு. ஒன்பது வருஷம் பொழங்குன ஹால், அதே சுவரு, அதே தரை, அதே தொண்டை. சத்தம் மட்டும் வேற யாரோடதோ.

சும்மா இருக்க முடியாம ஒரு தடவ கை தட்டுனேன். டப்புன்னு நிக்காம, டப்ப்ப்ஷ்ஷ்னு ஒரு வால் மாதிரி இழுத்துச்சு. அப்புறம் ரெண்டு வரி பாடிப் பாத்தேன், சத்தியமா சொல்றேன், என் குரல் எனக்கே பிடிச்சுப் போச்சு. கீழ லாரிக்காரர் ஹாரன் அடிச்சுக் கூப்பிடுற வரைக்கும் பாடிட்டு இருந்தேன்.

இந்த வால்தான் இன்னிக்கு விஷயம். ஒரு பாட்டக் கேக்குறப்போ "இது பெரிய ஹால்ல பாடுனது", "இது காதுகிட்ட வந்து பாடுற மாதிரி இருக்கு", "இந்தப் புல்லாங்குழல் எங்கயோ மலைக்கு அந்தப் பக்கம் இருந்து வருது"ன்னு நமக்குத் தோணுதுல்ல, கண்ண மூடிட்டு இருந்தாலும் தோணுதுல்ல, அது எப்படித் தோணுது, அதனால பாட்டு எப்படி மாறிச்சுங்கறதப் பத்தி எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன். பத்தாங்கிளாஸ் சயின்ஸ் மறந்து போயிருந்தாலும் பரவால்ல.

மொதல்ல ஒரே ஒரு நம்பர் மட்டும் மனசுல வச்சுக்கோங்க. சத்தம் காத்துல ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 343 மீட்டர் போகும். இத இப்படி மாத்திக்கிட்டா கையாள ஈஸி: ஒரு செகண்ட ஆயிரமா உடைச்சா அதுல ஒரு துண்டு மில்லிசெகண்ட், அந்த ஒரு மில்லிசெகண்டுல சத்தம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல போகும். ஸோ, மில்லிசெகண்டுக்கு ஒரு அடி, அவ்ளோதான். நீங்க ஒரு ரூம்ல கை தட்டுறீங்க, சுவரு பத்தடி தள்ளி இருக்கு. சத்தம் நேரா உங்க காதுக்கு உடனே வந்துரும், சுவத்துல பட்டுத் திரும்புற சத்தம் போக பத்து வர பத்துன்னு இருபது அடி சுத்திட்டு கிட்டத்தட்ட இருபது மில்லிசெகண்ட் லேட்டா வரும். அதுக்குள்ள இன்னொரு சுவரு, சீலிங், தரைன்னு எல்லாப் பக்கமும் பட்டுத் தெறிச்சு ஒன்னு மேல ஒன்னா வந்துக்கிட்டே இருக்கும். சாதாரண பெட்ரூம்ல ஒரு செகண்டுக்குள்ள சத்தம் சுவத்துல நூறு தடவைக்கு மேல முட்டிருக்கும். ஒவ்வொரு முட்டுக்கும் கொஞ்சம் சக்தி போகும், கடைசில ஒன்னுமில்லாம அடங்கிரும். இந்த அடங்குற வால்தான் ரீவெர்ப். ஸ்கூல் புக்ல எதிர்முழக்கம்னு போட்டிருப்பாங்க. நம்ம ஊரு சவுண்ட் சர்வீஸ்காரங்க எல்லாத்தையும் சேத்து எக்கோன்னே சொல்லுவாங்க, அதுல கொஞ்சம் குழப்பம் இருக்கு.

எக்கோன்னா கெணத்துல எட்டிப் பாத்து "ஏய்"னு கத்துனா தனியா இன்னொரு "ஏய்" திரும்பி வருதே, அது. ரீவெர்ப்ல அப்படித் தனியா ஒன்னும் கேக்காது, எல்லாம் கொழைஞ்சு மொத சத்தத்தோட ஒட்டிக்கும். எங்க பிரியுது? பேச்சா இருந்தா, தோராயமா 50 மில்லிசெகண்டுக்குள்ள திரும்பி வர்ற சத்தத்த நம்ம காது தனியாவே எண்ணாது. 1949ல ஹெல்முட் ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் இத ஒழுங்கா சோதிச்சுப் பாத்தார், அதனால அவர் பேர்லயே ஹாஸ் எஃபெக்ட்னு சொல்றாங்க. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், லேட்டா வர்ற அந்தச் சத்தத்த மூளை தூக்கிப் போடுறதில்ல, "இது இந்த எடத்தோட அளவு"ன்னு வேற கணக்குல எழுதிக்குது. நேர் சத்தத்துக்கும் மொதல்ல திரும்பி வந்ததுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு பாத்து ரூம் எவ்ளோ பெருசுன்னு புரிஞ்சுக்குது. நேர் சத்தம் ஜாஸ்தியா வால் ஜாஸ்தியான்னு பாத்து பாடுற ஆளு கிட்ட இருக்காரா தள்ளி இருக்காரான்னு புரிஞ்சுக்குது. வால் பளபளன்னு இருந்தா டைல்ஸ், மங்கலா இருந்தா துணி, மரம். நாம ஒன்னுமே யோசிக்கல, ஆனா வேலை முடிஞ்சிருது.

நம்பலன்னா உங்க வீட்டு துணி பீரோவத் தொறந்து, தொங்குற சேல சட்டைக்கு நடுவுல தலைய விட்டு "ஆ"ன்னு சொல்லிப் பாருங்க. குரல் செத்துப் போயிரும், காத அடைச்ச மாதிரி இருக்கும். அப்படியே போய் பாத்ரூம்ல அதே "ஆ". வீட்ல யாரும் பாக்காத நேரமா பாத்துப் பண்ணுங்க, நான் பண்றப்போ மாட்டிக்கிட்டு பதில் சொல்ல முடியாம முழிச்சேன்.

இந்த வால ஒரு நம்பரா மாத்துனவர் வாலஸ் சபைன். இவர் கதை நான் மெத்தைய லாரில ஏத்துன கதையேதான், என்ன, அவர் உருப்படியா ஒன்னு கண்டுபிடிச்சார். 1895ல ஹார்வர்டு யுனிவர்சிட்டில ஃபாக் மியூசியம்னு புதுசா ஒரு கட்டடம் கட்டுனாங்க, அதுல லெக்சர் ஹால்ல ப்ரொஃபசர் பேசுனா ஒரு வார்த்தை புரியல. ஒரு சத்தம் போட்டா அடங்க அஞ்சரை செகண்ட் கிட்ட ஆச்சு. நீங்க அஞ்சு செகண்டுல ஒரு பத்துப் பதினஞ்சு வார்த்தை பேசிருவீங்க, அந்தப் பதினஞ்சும் ஒன்னு மேல ஒன்னு ஏறி நின்னா எப்படிப் புரியும். சரி பண்ணுப்பான்னு அங்க ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்த சபைன்கிட்ட தள்ளி விட்டாங்க, அப்போ அவருக்கு 27 வயசு.

அவர் என்ன பண்ணார்னா, பக்கத்துல சாண்டர்ஸ் தியேட்டர்னு ஒன்னு இருந்துச்சு, அதுல சீட் மேல போடுற மெத்தைகள எல்லாம் ராத்திரில இந்த ஹாலுக்குத் தூக்கிட்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமா பரப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு ஆர்கன் பைப்ப ஊதி நிறுத்தி, சத்தம் காதுக்குக் கேக்காமப் போற வரைக்கும் எத்தன செகண்ட்னு ஸ்டாப்வாட்ச்ல பாத்து எழுதி, விடியறதுக்குள்ள மெத்தைய திரும்பக் கொண்டு போய் வச்சுட்டு வருவார். பகல்ல தெருவுல ட்ராம் சத்தம், அதான் ராத்திரி. இப்படி வருஷக்கணக்கா. எல்லா மெத்தையும் போட்டா அஞ்சரை செகண்ட் ஒரு செகண்ட் சொச்சத்துக்கு இறங்கிச்சு. நடுவுல இன்னொரு கூத்து, அவர் போட்டிருந்த டிரஸ்ஸே அளவ மாத்துதுன்னு தெரிய வந்துச்சு, அதுவரைக்கும் எடுத்த அளவுகள ஒதுக்கித் தள்ளிட்டு அதுக்கப்புறம் எப்பவும் ஒரே மாதிரி டிரஸ்ஸு போட்டுக்கிட்டு அளந்தார். மனுஷனும் ஒரு மெத்தைதான், சத்தத்தப் பொறுத்தவரைக்கும்.

கடைசில அவருக்குக் கெடச்ச கணக்கு ரொம்ப சிம்பிள். ரூமோட கனஅளவ 0.161ஆல பெருக்கி, அந்த ரூம்ல சத்தத்த உறிஞ்சுற பரப்பு மொத்தம் எவ்ளோவோ அதால வகுத்தா, சத்தம் பத்து லட்சத்துல ஒரு பங்கா குறைய எத்தன செகண்ட் ஆகும்னு வரும். எல்லாம் மீட்டர் கணக்குல. நம்ம வீட்டு பத்துக்குப் பன்னெண்டு பெட்ரூம எடுத்துக்கோங்க, உயரம் பத்தடி. கனஅளவு 34 கன மீட்டர் கிட்ட வரும். காலி ரூம்ல சிமெண்டு சுவரும் டைல்ஸும் சேந்து ரெண்டு சதுர மீட்டர் ஜன்னல் அளவுக்குத்தான் உறிஞ்சும்னு வைங்க, தொறந்த ஜன்னல்ல போன சத்தம் திரும்பாதுல்ல, அதான் அளவுகோல். வகுத்தா ரெண்டே முக்கால் செகண்ட் வருது. இப்போ கட்டில் மெத்தை, திரைச்சீலை, கொடில தொங்குற துணி எல்லாம் வந்து அந்த ரெண்டு பத்தாச்சுன்னா, அரை செகண்டுக்குக் கொஞ்சம் மேல. இது பேப்பர் கணக்குதான், சின்ன ரூம்ல அவ்ளோ துல்லியமா வராது. ஆனா நான் காலி ஹால்ல கேட்டதும் அப்புறம் கேட்டதும் ஏன் வேற வேறன்னு இதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்ல.

1900ல பாஸ்டன்ல சிம்ஃபனி ஹால் கட்டுறப்போ சபைனக் கூப்பிட்டுக் கேட்டு, இந்தக் கணக்க வச்சு, ஆளு நெறஞ்சிருக்கப்போ கிட்டத்தட்ட ரெண்டு செகண்ட் வால் வர்ற மாதிரி கட்டுனாங்க. இப்பவும் உலகத்துல நல்லா கேக்குற ஹால் எதுன்னு பேச்சு வந்தா அந்தப் பேரு வந்துரும். அது நீளமா ஒடுக்கமா செருப்பு டப்பா மாதிரி இருக்கும், அதுலயும் ஒரு விஷயம் இருக்கு. சீலிங்ல இருந்து வர்ற சத்தம் ரெண்டு காதுக்கும் ஒரே மாதிரி வரும், பக்கத்து சுவத்துல இருந்து வர்றது ஒரு காதுக்கு முன்னாடியும் இன்னொன்னுக்குப் பின்னாடியும் வரும், அந்த வித்தியாசம்தான் நாம பாட்டுக்குள்ள உக்காந்திருக்கோம்ங்கற ஃபீலிங்கக் குடுக்குது. அகலமான விசிறி மாதிரி ஹால்ல பக்கத்து சுவரு ரொம்ப தள்ளிப் போயிருது, பாட்டு எதிர்ல ஒரு படம் மாதிரி தொங்கும். வளைஞ்ச கூரைன்னா அது வேற மாதிரி வம்பு, சத்தத்தத் தெரட்டி ஒரே எடத்துல கொட்டும். 1656ல முடிஞ்ச பீஜப்பூர் கோல் கும்பஸ்ல மேல் மாடத்துல இந்தப் பக்கம் கிசுகிசுத்தா அந்தப் பக்கம் கேக்கும், வேடிக்கைக்கு நல்லாருக்கும், கச்சேரிக்கு ஆகாது.

இப்போ நம்ம கல்யாண மண்டபத்துக்கு வருவோம், ஏன்னா எனக்கு அதுல ஒரு பழைய ஆத்தாமை இருக்கு. எங்க சித்தி பொண்ணு கல்யாண ரிசப்ஷன், லைட் மியூசிக். மண்டபம் எதுன்னு சொல்லல. பளிங்குத் தரை, சுவரெல்லாம் கண்ணாடி, மேல பிளாஸ்டர் டிசைன், சத்தத்த உறிஞ்ச ஒரு துண்டுத் துணி கெடையாது. முப்பது மீட்டர் நீளம், பதினஞ்சு அகலம், ஆறு உயரம்னு வச்சா 2,700 கன மீட்டர், காலியா இருந்தா நாலு செகண்ட் வால் சாதாரணமா வந்துரும். ஐநூறு பேரு பட்டுச் சேலையும் வேட்டியுமா வந்து உக்காந்தா ஒன்றரை செகண்டுக்கு வந்துருக்கும், ஆனா அன்னிக்குப் பாதி ஜனம் கீழ டைனிங் ஹால்ல. இதுல சவுண்ட் அண்ணன் மிக்சர்ல வேற எக்கோவ முழுசாத் திருகி வச்சிருந்தார். எங்க பெரியப்பா ஒரு பத்து நிமிஷம் பொறுமையாக் கேட்டுட்டு, "ஏண்டா, பொண்ணு கெணத்துக்குள்ள விழுந்துருச்சா, அங்கேருந்து பாடுது?"ன்னார். நான் போய் "அண்ணே, அந்த எக்கோவ மட்டும் கொஞ்சம் கொறைங்களேன், மண்டபமே எக்கோ போடுது"ன்னேன். அவர் என்னப் பாத்து சிரிச்சுட்டு, "தம்பி, எக்கோ இல்லன்னா பாடகருக்கு மூச்சு வாங்குறது கேக்கும், பரவால்லையா?"ன்னார். அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. வால் தப்ப மறைக்கும். பாத்ரூம்ல நாம எல்லாரும் நல்லாப் பாடுறதும் அதனாலதான், ஒரு சுரத்துல இருந்து அடுத்ததுக்குப் போறப்போ தடுக்கி விழுந்தாலும் வால் வந்து மூடிரும்.

ஆனா அதே வால் நல்லத நாசமும் பண்ணும். மிருதங்கத்துல வேகமா ஒரு கோர்வை போறப்போ ஒரு செகண்டுக்கு எட்டு பத்து சொல்லு, அதான் அடி, விழும். ரெண்டு செகண்ட் வால் இருக்குற ஹால்ல எந்த நேரத்துலயும் பழைய சொல்லு பதினஞ்சு இருபது காத்துலயே நின்னுக்கிட்டு இருக்கும், எல்லாம் அடங்கிக்கிட்டே வர்றதுதான், இருந்தாலும் "நம்" எது "தின்" எதுன்னு பிரிக்க முடியாது. ஆர்கெஸ்ட்ராவுக்குத் தேனா இருக்குற ஹால் நம்ம தனி ஆவர்த்தனத்துக்கு சேறு. "இந்த ஹால் நல்ல ஹால்"னு யாராவது சொன்னா எதுக்குன்னு கேளுங்க.

இதையே திருப்பிப் போட்டா இன்னும் சுவாரஸ்யம். எடத்துக்குத் தகுந்த மாதிரி பாட்டே மாறிருக்கு. இஸ்தான்புல்ல ஹாகியா சோஃபியா இருக்கே, ஆறாம் நூத்தாண்டுல சர்ச்சா கட்டுன கட்டடம், அதுக்குள்ள வால் பத்து செகண்டுக்கு மேல. அங்க போய் வேகமா ஒரு சங்கதி போட்டீங்கன்னா கூழுதான். அதனால அந்த மாதிரிக் கோயில்கள்ல பாடுனது எல்லாம் ஒரே எழுத்த இழுத்து இழுத்து, மெதுவா ஒரு படி ஏறி ஒரு படி இறங்கிப் போற பாட்டு. நீங்க பாடி முடிச்ச சுரம் மேலயே மிதந்துக்கிட்டு இருக்கும், அது மேல அடுத்தத வைக்கிறீங்க, கூட யாரும் பாடாமலே ரெண்டு மூணு பேரு பாடுற மாதிரி ஆயிரும்.

வெனிஸ்ல செயின்ட் மார்க் கோயில்ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. பாடுறவங்கள கூட்டம் கூட்டமாப் பிரிச்சு வேற வேற மாடத்துல நிக்க வச்சு, ஒரு கூட்டம் ஒரு வரி பாட, இன்னொரு கூட்டம் வேற எங்கேருந்தோ பதில் பாடும். 1527ல அங்க இசைக்குப் பொறுப்பெடுத்த வில்லார்ட் காலத்துல இந்தப் பாணி நல்லா ஊனிச்சு, அப்புறம் ஜியோவான்னி கேப்ரியேலி வந்து 1597ல அச்சுல வந்த ஒரு வாத்திய இசைல எங்க மெதுவா வாசிக்கணும் எங்க சத்தமா வாசிக்கணும்னு எழுதியே வச்சார், அப்படி எழுதுனதுல ரொம்ப மூத்ததுல ஒன்னு அது. மெதுவா ஒரு கூட்டம், அப்புறம் மொத்தக் கூட்டமும் சேந்து சத்தமா. யோசிச்சுப் பாருங்க, மெதுவான்னா தூரம், சத்தமான்னா கிட்டக்க. பேப்பர்லயே தூரத்த எழுதுறார் மனுஷன்.

சரி, கூரையே இல்லன்னா? இங்கதான் நாதஸ்வரம் வருது, நான் ரொம்ப நேரமா இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.

எங்க அம்மா ஊர்ல பாட்டி வீடு கோயில்ல இருந்து ரெண்டு வீதி தள்ளி. உற்சவம் வந்தா சாமி பொறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பாங்க, கம்பீர நாட்டைல, வார்த்தையே இல்லாம. அது கேட்டதும் பாட்டி "பொறப்பட்டாச்சு, கோலத்த முடிங்கடி"ன்னு உள்ள குரல் குடுப்பாங்க. சாமி கண்ணுக்குத் தெரிய இன்னும் அரை மணி நேரம் ஆகும், ஆனா எந்த வீதில எந்த மூலைல இருக்குன்னு திண்ணைல உக்காந்தே சொல்லிருவாங்க. மந்திரம் இல்ல இது. மொதல்ல தவிலோட தொப்பி, அதான் குச்சியால அடிக்கிற எடது பக்கம், அந்த தும் தும் மட்டும் வரும். கனமான சத்தம் மூலைல வளைஞ்சு வீட்டுக்கு மேல ஏறி வந்துரும், கூர்மையான சத்தம் அவ்ளோ வளையாது, சுவத்துல முட்டி நின்னுரும். அதனால வலந்தலைல விரல் கூடு போட்டு அடிக்கிற அந்தக் கணீர் சொல்லுங்க எதுவும் கேக்காது, நாதஸ்வரம் ஏதோ போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். அப்புறம் வீதி முனைல திரும்பும் பாருங்க, அந்த ஒரு நொடி, போர்வைய உருவுன மாதிரி பளீர்னு மொத்தமும் தொறக்கும். ஒரு ரெண்டு அடி எடுத்து வச்சதுக்கு அப்படி ஒரு மாத்தம். எந்த ஸ்பீக்கர்லயும் நான் அதுக்கு ஈடா ஒன்னு கேட்டதில்ல.

தொறந்த வெளில சத்தம் போனா போனதுதான், மேல வானம், திருப்பிக் குடுக்க ஆள் கெடையாது. தூரம் ரெண்டு மடங்கானா சக்தி நாலுல ஒன்னாயிரும். அதனால அங்க வாசிக்கிற வாத்தியமே அந்த அளவுக்கு ஓங்கி இருக்கணும், இருக்கு. அதையே கொண்டு வந்து கண்ணாடி மண்டபத்துக்குள்ள உக்கார வச்சு, போதாததுக்கு மைக்கும் குடுத்தா ஜனங்க காதப் பொத்திக்கிட்டு "நாதஸ்வரம் ரொம்ப சத்தம்"னு சொல்றாங்க. நாதஸ்வரம் மேல தப்பில்லங்க, அத வீட்டுக்குள்ள பூட்டி வச்சவங்க மேல.

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு, இது என் சொந்த யோசனைதான், ஆராய்ச்சின்னு எடுத்துக்காதீங்க. நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஒத்து ஒரே சுருதிய விடாம ஊதிக்கிட்டு இருக்கும், இப்போ அந்த எடத்துக்கு சுருதிப் பெட்டி வந்தாச்சு. கச்சேரில தம்புரா. வால் இல்லாத எடத்துல பாட்டுக்கு நடுவுல வர்ற வெத்து மௌனத்த இது நெரப்பி, சுரங்கள் நிக்கிறதுக்கு ஒரு தரை மாதிரி, ஒரு ரூம் மாதிரி ஆயிருதோ? தம்புரா போட்டதும் ஹால் பெருசான மாதிரி எனக்கு எப்பவும் தோணும். ஆனா பைசான்டைன் பாட்டுலயும், அதான் ஹாகியா சோஃபியா மாதிரி சர்ச்சுங்கள்ல பாடுன பழைய பாட்டுலயும், பின்னாடி ஒரே சுருதியப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, அது பத்து செகண்ட் வால் இருக்குற கோயில்கள்ல வளந்த மரபு. ஆக என் தியரி அங்க உதைக்குது. பரவால்ல, தோணுறது தோணுதுதான்.

கூரை இருந்தும் மைக் இல்லாத காலம் ஒன்னு இருந்துச்சு. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் நாடக மேடைல பாடுன நாள்ல கடைசி வரிசை வரைக்கும் தொண்டையாலயே அனுப்பணும், அதனால உச்ச ஸ்தாயிலயே நின்னு பாடுவாங்க. மேல போகப் போக குரல் கூட்டத்து சலசலப்பக் கிழிச்சுக்கிட்டுப் போகும். பின்னாடி மைக் வந்ததும் கிட்ட உக்காந்து பேசுற மாதிரி மெதுவாப் பாடலாம்னு ஆச்சு, குரலுங்க கீழ இறங்குச்சு, கமகத்துல சின்னச் சின்ன நெளிவெல்லாம் பின் வரிசைக்கும் தெரிஞ்சுச்சு. ஆயிரம் பேரு ஹால்ல ஒருத்தர் உங்க காதுகிட்ட முணுமுணுக்குறது இயற்கைல நடக்கவே நடக்காத விஷயம். நமக்குப் பழகிப் போச்சு.

ரெக்கார்டிங் வந்தப்புறம் எடத்தையே பொய்யா செய்ய ஆரம்பிச்சாங்க. இப்போ சினிமாப் பாட்டுல பாடகர் ஒரு சின்ன ரூம்ல நாலு பக்கமும் ஃபோம் ஒட்டி, நம்ம துணி பீரோ மாதிரி, அதுக்குள்ள நின்னு பாடுறார். அந்தக் குரலுக்கு எடமே கெடையாது. அப்புறம் அதுக்கு ஒரு எடத்த ஒட்ட வைக்கிறாங்க. அந்தக் காலத்துல பெரிய ஸ்டுடியோக்கள்ல காலியா ஒரு ரூம் கட்டி, ஒரு பக்கம் ஸ்பீக்கர், இன்னொரு பக்கம் மைக் வச்சு, குரல அதுக்குள்ள அனுப்பி வால மட்டும் புடிச்சுட்டு வருவாங்க. 1957ல ஈஎம்டி 140னு ஒரு ஜெர்மன் பொட்டி வந்துச்சு, உள்ள ரெண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத் தகடு தொங்கும், குரல் அந்தத் தகட அதிர வைக்கும், அந்த அதிர்வு அடங்குறதுதான் வால். எடை 270 கிலோ கிட்ட. கேக்குறவனுக்கு அது தகடுன்னு தெரியாது, பெரிய ஹால்னு நெனச்சுப்பான். இப்போ அந்தத் தகட்டயும் கம்ப்யூட்டர்ல பண்ணிட்டாங்க.

இதுல உச்சம் மறுபடி ஹாகியா சோஃபியாதான். அது மியூசியமா இருந்த காலத்துல உள்ள பாட அனுமதி கெடையாது. ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டிக்காரங்க என்ன பண்ணாங்க, உள்ள போய் பலூன ஊதி ஊசியால குத்தி வெடிச்சு, அந்த டப்பு எப்படி அடங்குதுன்னு பதிவு பண்ணிட்டு வந்துட்டாங்க. ஒரு எடத்துல டப்புன்னு ஒரு சத்தம் எப்படி அடங்குதுன்னு தெரிஞ்சா போதும், எந்தச் சத்தத்தையும் அதே மாதிரி கணக்குல அடங்க வைக்கலாம், ஏன்னா பாட்டும் கோடிக்கணக்கான குட்டி டப்புங்கதான். அப்புறம் கலிஃபோர்னியால ஒரு பாட்டுக் குழு பாடப் பாட அந்தக் கோயிலோட வால உடனுக்குடன் சேத்து அவங்க காதுக்கே போட்டாங்க. அவங்களும் அந்த வாலக் கேட்டுக் கேட்டு, வேகத்தக் கொறைச்சு, அடங்க விட்டுப் பாடுனாங்க. ஒரு பலூன்ல கோயில அடைச்சுத் தூக்கிட்டு வந்த மாதிரி.

ஹெட்ஃபோன் பத்தி சொல்லாம விட முடியாது. நமக்கு ரெண்டு காது, நடுவுல ஒரு தலை. வலது பக்கம் இருந்து சத்தம் வந்தா எடது காதுக்கு மேக்சிமம் ஒரு மில்லிசெகண்டுல முக்கால் பாகம் கூட இல்லாத லேட்டா, கொஞ்சம் மங்கலா போகும். அவ்ளோ சின்ன வித்தியாசத்துல மூளை திசைய சொல்லிரும், பழக்கமான காதுக்கு இதுல எழுபதுல ஒரு பங்கு கூடப் போதும். 1931ல ஆலன் ப்ளூம்லைன்னு ஒரு இங்கிலாந்து இன்ஜினியர் இத வச்சுத்தான் ஸ்டீரியோவுக்குப் பேட்டன்ட் போட்டார். சினிமா பாக்கப் போனப்போ ஹீரோ திரைல ஒரு பக்கம் நடக்குறான், குரல் இன்னொரு எடத்துல இருந்து வருதேன்னு எரிச்சலாகி யோசிச்சார்னு சொல்லுவாங்க. ஸ்பீக்கர்ல கேட்டா வலது ஸ்பீக்கர் சத்தம் எடது காதுக்கும் கொஞ்சம் போகும், ரூமும் கலந்துக்கும். ஹெட்ஃபோன்ல அது ரெண்டும் கெடையாது, நாம தலையத் திருப்புனா கச்சேரியும் கூடவே திரும்புது, அப்படி உலகத்துல எதுவும் நடக்காதுல்ல, அதனால மூளை குழம்பிப் போய் "சரி, இது தலைக்குள்ளேயே இருக்கு போல"ன்னு முடிவு பண்ணிருது. இப்போ ஸ்பேஷியல் ஆடியோன்னு விக்கிறாங்களே, அதுல ஹெட்ஃபோனே தலை திரும்புறதப் பாத்து, அதுக்குத் தகுந்த மாதிரி சத்தத்த நகத்தாம ஒரே எடத்துல நிறுத்தி வைக்கும். போட்டுட்டு தலைய ஆட்டி ஆட்டிப் பாருங்க, பாடகர் ஸ்க்ரீன் இருக்குற எடத்துலயே நிப்பார். பஸ்ல பண்ணாதீங்க.

அடுத்த தடவ பழைய பாட்டு ஒன்னு கேக்குறப்போ வரிய விட்டுட்டு வால மட்டும் கவனிங்க. குரலுக்கு வால் கம்மியா, நடுவுல, கிட்டக்க இருக்கும். கோரஸ் கொஞ்சம் பின்னாடி. வயலின் கூட்டம் ரெண்டு பக்கமும் பரந்து. ஒரு புல்லாங்குழலுக்கு மட்டும் நேர் சத்தமே கம்மியா வச்சு முழுக்க வாலாவே விட்டிருப்பாங்க, அதான் அந்த மலைக்கு அந்தப் பக்கம். பாடகரோட நேர் சத்தம் வர்றதுக்கும் அதோட வால் ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல ஒரு முப்பது மில்லிசெகண்ட் இடைவெளி விட்டிருந்தா, ஹால் பெருசாவும் ஆளு கிட்டக்கவும் ரெண்டும் ஒரே நேரத்துல தெரியும், நெஜ ஹால்ல அது முன் வரிசைல உக்காந்தவனுக்கு மட்டும் கெடைக்கிற பாக்கியம்.

புது வீட்டுக்கு சாமான் எல்லாம் வந்து எறங்கியாச்சு. ஹால்ல சோஃபா, திரை, எல்லாம் போட்டு பழையபடி என் குரல் என் குரலாவே ஆயிருச்சு. பின்னாடி ஒரு ரூம் மட்டும் இன்னும் காலியா கெடக்கு, நாலு சுவரும் வெறும் டைல்ஸும், கை தட்டுனா ரெண்டு செகண்ட் நிக்குது. மெத்தையையும் பழைய துணி மூட்டையையும் அதுல போட்டுரலாம்னு வீட்ல தினமும் சொல்றாங்க. லாரிக்காரர் கட்டில் போல்ட்டத் தொலைச்சுட்டார், அது வந்ததும் போட்டுக்கலாம்னு நான் சொல்லி வச்சிருக்கேன். போல்ட்டு என் பேன்ட் பாக்கெட்லதான் இருக்கு.